ஒரே வரியில் ஆட்ரிபியூட் எழுதலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: பைதான் கிளாஸின் தொடக்கத்திலேயே மதிப்பெண்கள் = [] என்று எழுதிவிட்டேன். ஒரு மாணவருக்குச் சேர்க்கும் மதிப்பெண் எல்லா மாணவருக்கும் சேர்ந்துவிடுகிறது. பைதானில் பக் இருக்கிறதா?

பைதானில் ஒன்றும் இல்லை. கிளாஸின் உடம்பில் எழுதியது கிளாஸுக்குச் சொந்தம். நூறு மாணவர் ஆப்ஜெக்ட் உருவாக்கினாலும் நூறும் அந்த ஒரே லிஸ்ட்டைத்தான் பார்க்கும். இனிட் மெத்தடுக்குள் செல்ஃப் போட்டு எழுதுங்கள், சரியாகிவிடும். பைதான் 3.7-இல் வந்த, கன்ஸ்ட்ரக்டரைத் தானே எழுதித் தரும் டேட்டாகிளாஸில் இதே வரியை டைப்போடு எழுதியிருந்தால், கிளாஸ் உருவாகும்போதே வேல்யூ எரர் கொடுத்து நிறுத்தியிருக்கும். அங்கே டிஃபால்ட் ஃபேக்டரி கொடுக்க வேண்டும். ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டுக்கும் புது லிஸ்ட் கிடைக்கும்.

கே: டேட்டாகிளாஸ் போட்டும் ஒரு ஃபீல்டு மட்டும் கன்ஸ்ட்ரக்டரில் வரவில்லையே?

அதற்கு டைப் எழுதாமல் விட்டிருப்பீர்கள். வயது: இன்ட் = 0 என்றால் ஃபீல்டு. வயது = 0 என்றால் வெறும் கிளாஸ் ஆட்ரிபியூட்; டேட்டாகிளாஸ் அதைக் கண்டுகொள்ளாது, எரரும் தராது.

கே: கன்ஸ்ட்ரக்டர் அடைப்புக்குள்ளேயே ப்ரைவேட் போட்டு எழுதினால் எரர் வருகிறது. உடனே பதில் தேவை.

எந்த மொழி? எந்த வெர்ஷன்? எரர் என்ன சொன்னது? இந்த மூன்றும் இல்லாமல் உடனே எப்படிப் பதில் சொல்வது? போன முறையும் கேட்டுக்கொண்டேன்: மொழி, வெர்ஷன், எரர் மெசேஜ் இல்லாமல் கேள்வி அனுப்பாதீர்கள்.

பிஎச்பி என்றால் சர்வரில் பழைய வெர்ஷன் இருக்கும். இந்த வசதி 2020 நவம்பரில் வெளியான 8.0-இல்தான் வந்தது. டைப்ஸ்கிரிப்ட் என்றால், ஃபைலை நோடில் (Node.js) நேரடியாக ஓட்டியிருப்பீர்கள். நோட் டைப்புகளை மட்டும் அழித்துவிட்டு மிச்சத்தை அப்படியே ஓட்டும். இந்தச் சுருக்கம் வெறும் டைப் இல்லை, அதற்குள் ஒரு அசைன்மென்ட்டும் ஒளிந்திருக்கிறது. அதை நோட் எழுதித் தராது, அதனால்தான் மறுக்கிறது. ஃபீல்டைத் தனியாக அறிவித்து, மதிப்பைக் கன்ஸ்ட்ரக்டருக்குள் நீங்களே போடுங்கள்.

கே: டைப்ஸ்கிரிப்டில் ப்ரைவேட் போட்டால் வெளியிலிருந்து யாரும் தொட முடியாதுதானே?

கம்பைல் ஆகும் வரைதான் அந்தக் காவல். ஓடும்போது அது சாதாரண ப்ராப்பர்ட்டி. உண்மையிலேயே மூட வேண்டும் என்றால் பெயருக்கு முன்னால் # போடுங்கள். அதற்குச் சுருக்க வழி இல்லை, தனியாகத்தான் அறிவிக்க வேண்டும்.

கே: ரூபியில் எல்லா ஆட்ரிபியூட்டையும் ஆட்டர் அக்செசரில் ஒரே வரியில் முடிக்கிறேன். ரிவ்யூவில் சீனியர் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கிறார். சின்ன விஷயத்துக்கு இவ்வளவு பிடிவாதமா?

இது சின்ன விஷயம் இல்லை. உங்கள் சீனியர் செய்வதுதான் சரி.

அந்த ஒரு வரி உங்களுக்காக என்ன எழுதித் தருகிறது என்று விரித்துப் பாருங்கள். ஒவ்வொரு பெயருக்கும் படிக்க ஒரு மெத்தட் (கெட்டர்), மாற்ற ஒரு மெத்தட் (செட்டர்). பத்துப் பெயர் கொடுத்தால் இருபது மெத்தட், அத்தனையும் பப்ளிக். வங்கிக் கணக்கு கிளாஸ் எழுதுகிறீர்கள், அந்தப் பத்தில் இருப்பும் ஒன்று என்று வையுங்கள். அப்ளிகேஷனின் எந்த மூலையிலிருந்தும் கணக்கு.இருப்பு = -5000 என்று எழுதலாம், ரூபி வாங்கிக்கொள்ளும். பணம் எடுக்கும் மெத்தடில் நீங்கள் பார்த்துப் பார்த்து எழுதிய மினிமம் பேலன்ஸ் செக், லாக் எதையும் அந்த வரி தொடாது. ஆறு மாதம் கழித்து இருப்பு எப்படி மைனஸில் போனது என்று கேட்டால், செட்டரை அழைக்கும் ஐம்பது இடங்களையும் ஒவ்வொன்றாகத் தேடுவீர்கள். இப்படித் தேடி விடிய விடிய உட்கார்ந்திருக்கும் டீம்களைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு இதில் இவ்வளவு கோபம்.

படிக்கும் மெத்தடை மட்டும் தரும் ஆட்டர் ரீடரில் தொடங்குங்கள். மாற்றும் வழி தேவைப்பட்டால் அப்புறம் திறந்துகொள்ளலாம். ஒருமுறை திறந்துவிட்டால் பத்துப் பேருடைய கோடு அதை நம்ப ஆரம்பித்துவிடும், மூடவே முடியாது. ரீடர் மட்டும் போட்டோம் என்று நிம்மதியாகவும் இருந்துவிடாதீர்கள்: உள்ளே இருப்பது அரே என்றால், அதை வாங்கியவர் << போட்டுப் பொருளைச் சேர்த்துவிடலாம். அப்படிப்பட்ட இடத்தில் டூப் செய்து நகலைக் கொடுங்கள்.

இன்னொன்று. மெத்தடுக்குள் இருப்பு = 0 என்று எழுதினால் உங்கள் செட்டர் ஓடாது; ஒரு லோக்கல் வேரியபிள் பிறந்து அங்கேயே மறைந்துவிடும். செல்ஃப்.இருப்பு = 0 என்றோ @இருப்பு = 0 என்றோ எழுத வேண்டும்.

ஜாவாக்காரர்கள், கெட்டர், செட்டரைத் தானே எழுதித் தரும் லாம்பாக் லைப்ரரியின் டேட்டா அனோட்டேஷனை எல்லாக் கிளாஸின் தலையிலும் ஒட்டுவதும் இதே கதைதான்.

கே: ஜாவாவில் ரெக்கார்டு வந்துவிட்டதே, ஹைபர்நேட் என்டிட்டியையும் ரெக்கார்டாக மாற்றலாமா?

கூடாது. என்டிட்டி என்பது டேட்டாபேஸ் டேபிளோடு இணையும் கிளாஸ்; ஹைபர்நேட் பின்பற்றும் ஜேபிஏ விதிப்படி அதற்கு ஆர்க்யுமென்ட் இல்லாத கன்ஸ்ட்ரக்டர் வேண்டும், கிளாஸ் ஃபைனலாக இருக்கக் கூடாது. ரெக்கார்டு எப்போதும் ஃபைனல், அதன் ஃபீல்டுகளும் ஃபைனல். 2021-இல் ஜாவா 16-இல் நிலைபெற்ற இந்த வசதி, தகவலை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகும் டிடிஓக்களுக்கு அருமையாகப் பொருந்தும். ஆனால் உள்ளே லிஸ்ட் வைத்தால் அந்த லிஸ்ட் பூட்டப்படாது. கன்ஸ்ட்ரக்டரில் லிஸ்ட்.காப்பிஆஃப் போட்டு வாங்குங்கள்.

கே: சி ஷார்ப்பில் பொருட்கள் => நியூ லிஸ்ட் என்று ப்ராப்பர்ட்டி எழுதினேன். ஆட் செய்த பிறகும் கவுண்ட் 0 என்றே வருகிறது. விஷுவல் ஸ்டுடியோவை ரீஇன்ஸ்டால் செய்துவிட்டேன்.

ரீஇன்ஸ்டால் செய்வதற்கு முன் அந்த வரியை விரித்துப் பார்த்திருக்கலாம். => போட்டால் அது கெட்டரின் உடம்பு; பொருட்கள் என்று கேட்கும் ஒவ்வொரு முறையும் புது லிஸ்ட் உருவாகும். நீங்கள் ஆட் செய்தது ஒரு லிஸ்ட்டில், கவுண்ட் பார்த்தது வேறொரு லிஸ்ட்டில். அடைப்புக்குள் கெட் மட்டும் வைத்து, அடைப்பை மூடியபின் = போட்டு நியூ லிஸ்ட் எழுதுங்கள். ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஒரே ஒரு முறைதான் அது ஓடும்.