இன்சுலினைத் தந்த கனடாக்காரர்

கேள்வி: அம்மாவுக்கு கிளினிக்கில் இன்சுலின் எழுதிவிட்டார்கள். அதைக் கண்டுபிடித்தது ஒரு கனடாக்காரர் என்கிறான் மகன். உண்மையா?
- வாசகி, ஹட்டன்

பதில்: கனடா சரி, ஒருவர் என்பதுதான் இடிக்கிறது. பிரெடரிக் பாண்டிங் என்ற இளம் டாக்டரும் உதவியாளர் பெஸ்ட்டும் 1921இல் டொரொண்டோவில் நாய்களை வைத்துச் சோதித்தார்கள். 1922 ஜனவரியில் 14 வயதுப் பையனுக்குப் போட்ட முதல் ஊசி சரிவரவில்லை, அப்புறம் கோலிப் என்பவர் மருந்தைச் சுத்தப்படுத்திக் கொடுத்த பிறகுதான் அவனுக்குச் சீனி இறங்கியது. 1923 நோபல் பரிசு பாண்டிங்குக்கும் ஆய்வுகூடத் தலைவர் மக்லியோடுக்கும் போனது. பெஸ்ட்டை விட்டுவிட்டார்களே என்று பாண்டிங்குக்குக் கோபம், தன் பணத்தில் பாதியை அவருக்கே கொடுத்தார். (மனுஷன்!) காப்புரிமையை பாண்டிங், பெஸ்ட், கோலிப் மூவரும் ஆளுக்கு ஒரு டொலருக்குப் பல்கலைக்கழகத்திடம் எழுதிக்கொடுத்தார்கள். அம்மாவின் மருந்தை பிரிட்ஜில் ஐஸ் பக்கம் வைத்துவிடாதீர்கள், உறைந்தால் வீண்.