வெறுங்கடலையும் எழுதுங்கள்

ஐயா,

ஃபிஜித் தலைநகர் சூவாவில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். போன மாதம் கப்பலில் கவ் தீவுக்குப் போனேன். வழியில் கடற்பறவைகளில் ஆலா 60, பூபி 11 எண்ணினேன். ஃபிஜி பெட்ரல் என்ற அரிய கடற்பறவை கண்ணில் படவில்லை. பாதி நேரம் கடல் காலி, அதையெல்லாம் எழுதவில்லை. இதைக் கணக்கெடுப்பு என்று சொல்லலாமா? எந்த பைனாகுலர் வாங்கலாம்?

கே., சூவா

அன்புள்ள கே.,

பைனாகுலருக்குக் கடைக்காரரைக் கேளுங்கள். ஆடுகிற தளத்தில் எட்டு மடங்குக்கு மேல் போனால் தலைதான் சுற்றும். அப்புறம், அந்தத் தீவை ஊர்க்காரர்கள் ‘ஙாவ்’ என்பார்கள். ‘ங’வை வைத்திருக்கிற நாமே ‘கவ்’ என்று எழுதலாமா?

உங்கள் கடிதத்தில் ‘எழுதவில்லை’ என்ற இடத்தில் நின்றுவிட்டேன். ஏன் ஐயா எழுதவில்லை? அந்தப் பக்கத்துக் கடலில் இரை சிதறிக் கிடக்கும். சூரை மீன் கூட்டம் குஞ்சு மீன்களை மேலே விரட்டும் இடத்தில் ஆலாக்கள் மொய்க்கும், அதைத் தாண்டினால் மணிக்கணக்கில் ஒன்றும் இருக்காது. உங்கள் 60 ஆலா ஒரு மணி நேரத்திலா, எட்டு மணி நேரத்திலா? கப்பலின் ஒரு பக்கத்தில் 300 மீட்டர் பட்டையை மட்டும் பார்ப்பது வழக்கம். 10 நாட், அதாவது மணிக்குப் பதினெட்டரைக் கிலோமீட்டர் வேகத்தில் போனால் மணிக்கு ஐந்தரைச் சதுர கிலோமீட்டர். எட்டு மணி நேரத்துக்கு 44. பறவைகளின் எண்ணிக்கையை அந்தப் பரப்பால் வகுத்தால்தான் கணக்கெடுப்பு. வகுக்கும் எண்ணைக் கடலில் போட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள்.

பூபி 11 என்பதை நான் நம்பவில்லை. கப்பல் கிளப்பிவிடும் பறக்கும் மீனுக்காக அது கூடவே வரும். வந்தவை இரண்டாகவே இருக்கலாம்.

ஃபிஜி பெட்ரலை 1855-இல் ஙாவில் பிடித்தார்கள். அதன்பின் 1984-இல் பறவையியலாளர் டிக் வாட்லிங் அங்கேயே ஒன்றைப் பிடிக்கும்வரை உறுதியான பதிவே இல்லை. கடலில் அதைப் படமெடுத்தது 2009-இல், உறைந்த மீன் கழிவை மிதக்கவிட்டு வரவழைத்து. இடைப்பட்ட 129 வருடத்தில் அந்த வழியாக எத்தனை பேர் போயிருப்பார்கள்! பார்த்து இல்லை என்றவர் யார், பார்க்காமலே இல்லை என்றவர் யார்? வெறுமையை நேரம் போட்டு எழுதியிருந்தால்தானே தெரியும்.

திட்டுவதற்கு எனக்குத் தகுதி உண்டு. இருபத்தாறு வயதில் ஒரு படகில் குறிப்பெழுதப் போனேன். மூன்றாம் நாள் ஒரு மணியிலிருந்து நாலு மணிவரை தண்ணீர், வெயில், அவ்வளவுதான். நோட்டைக் காலியாக விட்டேன். பெரியவர் வாங்கிப் பார்த்தார். “தூங்கிட்டியா?” “இல்லை, பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்.” “அப்போ அது எங்கே?” பக்கத்திலேயே உட்கார்ந்து பத்து நிமிடத்துக்கு ஒரு வரியாகச் சைபர் போட வைத்தார். பதினெட்டு வரி. உப்பீரத்தில் தாள் கிழிந்து, கடைசிச் சைபர் அடுத்த பக்கத்தில் பதிந்தது. அன்று அவர்மேல் ஆத்திரமாக வந்தது. இன்று என்னிடம் மிச்சமிருப்பது அந்த நோட்டு ஒன்றுதான்.

மறுபடி ஙாவ் போகும்போது கிளம்பிய நேரம், நிறுத்திய நேரம், காலி நேரம் எல்லாவற்றையும் எழுதி எனக்கு அனுப்புங்கள். பென்சிலில் எழுதுங்கள். பேனா மை உப்புத் தண்ணீருக்கு நிற்காது.