ஆறும் இல்லை, மலையும் இல்லை; யாழ்ப்பாணத்தில் வெள்ளம் எப்படி வருகிறது? மாரிக்கு முன் வீட்டில் என்ன செய்து வைக்க வேண்டும்?

கொழும்பில் இருந்து இந்த வருடம் யாழ்ப்பாணத்துக்குக் குடிவந்ததாகச் சொல்லி இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். பதிலில் பாதி உங்கள் வளவுக்குள்ளேயே இருக்கிறது. போய்க் கிணற்றை எட்டிப் பாருங்கள்.

குடாநாட்டுக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். காய்ந்த காலத்தில் எவ்வளவு மழை பெய்தாலும் அது குடித்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் விடாமல் பெய்தால் கல்லுக்குள் இருக்கிற இடுக்கெல்லாம் நிரம்பி, நிலத்தடி நீர் மேலே ஏறி வந்துவிடும். அதற்குப் பிறகு பெய்கிற மழை எங்கே போகும்? தரையோ தட்டை. பெயருக்கு ஒரு வழுக்கியாறு, அதுவும் மாரியில் மட்டும் ஓடுவது. குளத்தையும் வாய்க்காலையும் தூர்த்து வீடு கட்டியது போக மிஞ்சிய வழியால்தான் தண்ணீர் கடலுக்குப் போய்ச் சேர வேண்டும். அதனால் இங்கே வெள்ளம் பாய்ந்து வந்து அடிப்பது குறைவு. காலுக்குக் கீழே இருந்து ஏறும், பிறகு நாள்கணக்கில் நிற்கும்.

எங்கள் கிணற்றின் உட்சுவரில் இறங்குவதற்காகக் கற்கள் நீட்டி வைத்துக் கட்டியிருக்கிறது. மாரி தொடங்கினால் அம்மம்மா தினமும் என்னை அனுப்பி, "எத்தினை கல்லடா தெரியுது?" என்று கேட்பார். ஐந்து தெரிந்தால் பேச்சில்லை. இரண்டாகக் குறைந்தால் அரிசிச் சாக்கு மேசைக்கு மேல் ஏறிவிடும். வானொலி அறிவித்தல் எல்லாம் அவருக்கு அதற்குப் பிறகுதான்.

2008 கார்த்திகையில் நிஷா புயல் வந்தபோது எனக்குப் பதினான்கு வயது. நவம்பர் 25 அன்று ஒரே நாளில் இங்கே பதிவான மழை ஏறக்குறைய 390 மில்லிமீற்றர். வருடம் முழுவதற்கும் நமக்குக் கிடைப்பதே 1,200, 1,300 அளவுதான். 1918க்குப் பிறகு அப்படி ஒரு மழை இல்லை என்றார்கள். அன்று கிணற்றில் ஒரு கல்லும் தெரியவில்லை. கயிறு இல்லாமல், குனிந்து செம்பால் தண்ணீர் அள்ளினேன். பெரிய சந்தோஷம். கொஞ்ச நேரத்தில் மலசலகூடக் குழியின் மூடி அசைந்து, பக்கத்தால் கறுப்பாகத் தண்ணீர் வரத் தொடங்கியது. அம்மா ஓடி வந்து என் கையில் இருந்த செம்பைத் தட்டிவிட்டார். அப்போதுதான் விளங்கியது, கிணறும் குழியும் ஒரே தண்ணீராகிவிட்டது.

ஆகவே முதல் வேலை, குடிதண்ணீரை முன்கூட்டியே மூடியுள்ள பாத்திரங்களில் பிடித்து வைப்பது. வெள்ளம் நிற்கும்போது கிணற்றை இறைத்து ஒரு பிரயோசனமும் இல்லை, சுற்றி நிற்கிற அதே தண்ணீர்தான் திரும்ப ஊறும். வடிந்த பிறகு இறைத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ.) கேட்டுக் குளோரின் போடுங்கள். அதுவரை கொதிக்க வைக்காமல் ஒரு மிடறும் வேண்டாம்.

அடுத்தது மின்சாரம். தண்ணீர் விறாந்தைக்கு வருமுன் மெயின் சுவிச்சை நிறுத்துங்கள். ஈரத்தில் நின்றுகொண்டு அதைத் தொடாதீர்கள். வயர் அறுந்து கிடந்தால் கிட்டப் போகாமல் மற்றவர்களையும் மறியுங்கள்.

பாம்புகளுக்கும் அப்போது வீடு போய்விடுகிறது. அவையும் மேட்டைத் தேடி நம் படிக்கும் விறகுக் குவியலுக்கும்தான் வரும். ரோர்ச் இல்லாமல் இரவில் கால் வைக்க வேண்டாம், செருப்பை உதறிப் போடுங்கள். கடித்துவிட்டால் கீறுவது, இறுக்கிக் கட்டுவது, மந்திரித்துப் பார்வை பார்க்கக் கூட்டிப்போவது எதுவும் வேண்டாம். ஆளை நடக்கவிடாமல், நேரே ஆஸ்பத்திரிக்கு.

வெள்ளம் வடிந்த பிறகு வருகிற எலிக்காய்ச்சலைத்தான் ஆட்கள் கணக்கில் எடுப்பதில்லை. 2024 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, டிசம்பரில் இங்கே அது உயிர்களைக் கொண்டுபோனது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் காலில் உள்ள புண் வழியாக உள்ளே போகிறது. வயலிலோ சேற்றிலோ இறங்கியவருக்குக் காய்ச்சலும் தசை நோவும் வந்தால் பனடோல் போட்டுப் படுக்காமல் வைத்தியரிடம் போய், தண்ணீருக்குள் நின்றதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

காற்றைப் பற்றியும் கொஞ்சம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் இலங்கையின் வடக்கைக் கடந்துதான் அங்கே போனது, ஆகவே காற்று நமக்குப் புதிதல்ல. கூரைத் தகரத்தைச் சரிபாருங்கள். மேலே இருக்கும் தண்ணீர்த் தாங்கியை நிரப்பி விடுங்கள், வெறுந்தாங்கி பறக்கும். பனை லேசில் விழாது, ஆனால் அதன் காவோலையும் மட்டையும் விழும். மட்டையின் கருக்கு வாள் மாதிரி. அப்புறம், பேய்க்காற்று திடீரென்று அடங்கினால் வெளியே ஓடாதீர்கள். புயலின் கண் தலைக்கு மேல் நிற்கலாம். அது நகர்ந்ததும் காற்று எதிர்ப்பக்கத்தில் இருந்து அடிக்கும்.

நீங்கள் வடமராட்சி கிழக்கு மாதிரி கரையோரத்தில் இருந்தால் சுனாமியையும் நினைக்க வேண்டும். "கடல் உள்ளே போனால் ஓடு" என்பது பாதி உண்மை. 2004இல் நம் கிழக்குக் கரைக்கு முதலில் வந்தது ஏறும் அலை. கடல் வெகுதூரம் உள்வாங்கியது அதற்குப் பிறகு, அதைப் பார்க்கப் போனவர்கள் அடுத்த அலையில் அகப்பட்டார்கள். சுமாத்திராவில் நிலம் அதிர்ந்து ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகே அலை இங்கே வந்தது. அந்த நேரம் இன்று நமக்குப் பயன்படும். அறிவித்தல் வந்ததும் கரையை விட்டு நிலத்தின் உட்பக்கமாகப் போங்கள், முதல் அலை திரும்பிவிட்டது என்று வீட்டைப் பார்க்கத் திரும்பாதீர்கள்.

அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. அதையும் உங்கள் கிராம அலுவலரின் இலக்கத்தையும் சுவரில் எழுதி வையுங்கள். போனில் மட்டும் இருந்தால் சார்ஜ் போனதும் இலக்கமும் போய்விடும்.

இன்னொன்று, புது மதில் கட்டுவதாக இருந்தால் அடியில் தண்ணீர் போக ஓட்டை விடுங்கள். எங்கள் பக்கத்து வளவுக்காரர் விடவில்லை. ஒவ்வோர் ஐப்பசியும் போய்க் கேட்கிறேன், "அடுத்த வருசம் பார்ப்பம் தம்பி" என்கிறார். இன்று காலை கிணற்றில் நான்கு கல் தெரிந்தது.