பெயின்ட் அடிக்கும் முன் ஒரு சொம்பு தண்ணீர்

கேள்வி: பர்கூர் பக்கம் கிரானைட் பட்டறையில் வேலை செய்கிறேன். என் சிவப்பு காருக்கு வயது பன்னிரண்டு. எப்போதும் வெயிலில்தான் நிற்கும். பானெட்டும் கூரையும் வெளுத்துவிட்டன. முழு வண்டிக்கும் பெயின்ட் அடிக்கச் சொல்கிறார்கள். பாலிஷ் போதாதா?

பதில்: முதலில் பானெட்டில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஈரம் இருக்கும்வரை பழைய சிவப்பு தெரிந்தால் பெரும்பாலும் பாலிஷே போதும். நனைந்த பிறகும் வெள்ளைத் திட்டுகள் மறையவில்லை, ஓரத்தில் தோல் உரிகிற மாதிரி இருக்கிறது என்றால் நிறத்துக்கு மேலே உள்ள கிளியர் கோட் (நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சு) போய்விட்டது. அதற்கு எந்த பாலிஷும் உதவாது. அப்போதும் பானெட், கூரைக்கு மட்டும் அடித்தால் போதும். கதவுகள் நன்றாக இருக்கும்போது முழு பெயின்டுக்குச் சம்மதிக்காதீர்கள்.

உங்கள் ஊரில் வெயிலைவிட எனக்குக் கவலை தருவது கல் தூசிதான். கிரானைட்டில் உள்ள குவார்ட்ஸ் இரும்பையே கீறும். காலையில் காய்ந்த துணியால் வண்டியைத் துடைப்பது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். தயவுசெய்து இன்றோடு நிறுத்திவிடுங்கள். தண்ணீரைப் பீய்ச்சித் தூசியை இறக்கிய பிறகே துணி படவேண்டும்.

பாலிஷ் போடும் நாளில் ஷாம்பு போட்டுக் கழுவி, நிழலில் நிறுத்தி, தகடு ஆறும்வரை பொறுங்கள். விரலால் தடவினால் இன்னும் சொரசொரப்பாக இருக்கிறதா? சோப்புத் தண்ணீர் தெளித்து கிளே பாரை (ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் போன்ற கட்டி) மெதுவாக ஓட்டுங்கள். அது கீழே விழுந்தால் திரும்ப எடுக்க வேண்டாம், மண்ணோடு சேர்ந்து கீறிவிடும். அப்புறம் இரண்டடிக்கு இரண்டடி இடத்தில் மட்டும் ரப்பிங் காம்பவுண்டை (மேல்பரப்பை லேசாகத் தேய்த்தெடுக்கும் பசை) மைக்ரோஃபைபர் துணியால் தேய்த்துப் பாருங்கள். துணியில் சிவப்பு ஏறினால் எல்லா வண்டியிலும் பயப்பட வேண்டியதில்லை. சில வண்டிகளில் மேலே கிளியர் கோட் இல்லாமல் நிறம் மட்டுமே இருக்கும், அவற்றில் சிவப்பு ஏறுவது சகஜம். ஆனால் கிளியர் கோட் உள்ள வண்டியில் சிவப்பு ஏறினால் உடனே நிறுத்துங்கள். கிளியர் கோட் சுமார் 40 முதல் 50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லியது. ஒவ்வொரு தேய்ப்பிலும் அதில் கொஞ்சம் போகிறது. பஃபிங் மெஷினில் கொடுப்பதாக இருந்தால், மடிப்பு விளிம்புகளில் டேப் ஒட்டச் சொல்லுங்கள். அங்கேதான் பெயின்ட் முதலில் கரையும்.

நிறம் திரும்பிவிட்டதா? சரி, மெல்லிய பாலிஷ் ஒரு முறை, அதன்மேல் வேக்ஸ். வேக்ஸை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுங்கள். போர் தண்ணீரில் கழுவினால் உடனே ஒற்றி எடுங்கள், காயவிட்டால் உப்புக்கறை பிடிக்கும். நிழலுக்காக மாமரத்தடியில் நிறுத்துவதாக இருந்தால், பூ எடுக்கும் மாதங்களில் மட்டும் தவிர்த்துவிடுங்கள். தத்துப்பூச்சி சொட்டும் பிசுக்கு வெயிலில் காய்ந்து ஒட்டிக்கொண்டால் மறுபடியும் தேய்க்க வேண்டிவரும்.