சபை எதற்கு? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: யூடியூபில் நல்ல பிரசங்கம், நல்ல பாட்டு. காணிக்கையும் ஜிபேயில் போய்விடுகிறது. இன்னும் கோயிலுக்கு எதற்குப் போக வேண்டும்?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: முதல் சபையார் எவற்றில் உறுதியாய்த் தரித்திருந்தார்கள் என்று அப்போஸ்தலர் 2:42 நான்கைச் சொல்கிறது: உபதேசம், அந்நியோந்நியம் (ஒருவரோடொருவர் உறவாடுவது), அப்பம் பிட்குதல் (நற்கருணை), ஜெபம். உபதேசமும் ஜெபமும் செல்போனில் கிடைக்கும். நடுவில் உள்ள இரண்டும் கிடைக்காது.

கி.பி. 150 வாக்கில் இரத்தசாட்சி ஜஸ்டின், ரோமப் பேரரசனுக்கு எழுதிய விண்ணப்பத்தில் ஞாயிறு ஆராதனையை விவரிக்கிறார். வேதம் வாசிக்கிறார்கள், தலைவர் புத்தி சொல்கிறார், எழுந்து நின்று ஜெபிக்கிறார்கள், அப்பமும் ரசமும் பகிர்கிறார்கள். வராதவர்களின் பங்கை உதவிக்காரர்கள் வீட்டுக்கே கொண்டுபோகிறார்கள். வசதியுள்ளோர் விரும்பியதைக் கொடுக்க, அது அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையில் இருப்போர், ஊருக்குப் புதியவர்கள் ஆகியோருக்குப் போகிறது. காணிக்கை பிரசங்கத்துக்குக் கட்டும் கட்டணம் அல்ல என்பது இதிலேயே தெரியும்.

படுக்கையில் இருப்பவர் சேகர குருவானவரிடம் சொல்லி அனுப்பினால் வீட்டிலேயே நற்கருணை தருவார். நடமாட முடிந்தவர் நேரில் போகத்தான் வேண்டும். ஆனால் ஒன்று: வாரந்தோறும் முன்வரிசையில் உட்கார்ந்தும், பக்கத்தில் இருப்பவர் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று அறியாதவரும் ஒருவகையில் யூடியூப் பார்ப்பவர்தான்.

கேள்வி: எனக்கு ஞானஸ்நானம் கொடுத்த ஐயா பிறகு பண மோசடியில் சிக்கிப் பதவி இழந்தார். அந்த ஞானஸ்நானம் செல்லுமா?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: செல்லும். தண்ணீரும், பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமமும் இருந்தால் போதும்.

303இல் தியோக்லேசியன் மன்னன் வேதப் பிரதிகளைக் கொளுத்த உத்தரவிட்டபோது, சில குருமார் பயந்து கொடுத்துவிட்டார்கள். அப்படிப்பட்டவர்கள் செய்த அபிஷேகமும் (ஒருவரைக் குருவாக ஏற்படுத்துவதும்) ஞானஸ்நானமும் வீண் என்று வட ஆப்பிரிக்காவில் தொனாத்துவாதிகள் பிரிந்தார்கள். 314இல் ஆர்ல் நகரச் சங்கம் அதை ஏற்கவில்லை. ஞானஸ்நானம் கிறிஸ்துவினுடையது, கொடுப்பவருடையது அல்ல என்று பின்னர் அகுஸ்தீன் வாதிட்டார். குருவின் பரிசுத்தத்தைப் பொறுத்தே செல்லுபடி என்றால், தன் ஞானஸ்நானம் செல்லும் என்று யாராலும் நிச்சயமாகச் சொல்ல முடியாதே!

ஆங்கிலிக்கன் சபையின் 39 விதிகளில் 26ஆவதும் இதையே சொல்கிறது. கூடவே, கெட்ட ஊழியரை விசாரித்து, குற்றம் உறுதியானால் நீக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நம் ஆட்கள் முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவார்கள்.

பெந்தெகொஸ்தே சபையார் மறுபடி ஞானஸ்நானம் எடுக்கச் சொல்வது வேறு காரணத்துக்காக. சுயமாக விசுவாசத்தை அறிக்கையிடாத குழந்தைக்குக் கொடுத்ததை அவர்கள் ஞானஸ்நானமாகவே எண்ணுவதில்லை.

கேள்வி: ஆண்டவர் ஒருவர், சபைகள் ஏன் இத்தனை? ஒன்றாக முடியாதா?
– வாசகர், மதுரை

பதில்: முடியும், மெதுவாக. 1919இல் தரங்கம்பாடியில் தொடங்கிய இணைப்புப் பேச்சு, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபையாக (சி.எஸ்.ஐ.) முடிந்தது. இழுபறி பெரும்பாலும் ஊழியத்தைப் பற்றியது: பேராயர் இல்லாத சபைகளிலிருந்து, பேராயர் கைவைக்காமலே அபிஷேகம் பெற்று வரும் போதகர்களை என்ன செய்வது? இருப்பவர்களுக்கு மறு அபிஷேகம் வேண்டாம், இனி வருபவர்களுக்குப் பேராயர் கைவைப்பார் என்று முடிவானது. இதற்காக உழைத்த பேராயர் அசரியா 1945இலேயே காலமானார். லுத்தரன்களும் பாப்திஸ்துகளும் சேரவில்லை.

கேள்வி: எங்கள் கமிட்டியில் ஒருவர் எனக்கு அநியாயம் செய்தார். சபையில் எப்படித் தீர்ப்பது?
– வாசகி, திருச்சி

பதில்: மத்தேயு 18:15-17 வரிசையாகவே சொல்கிறது. முதலில் தனியாகப் பேசுங்கள். கேட்காவிட்டால் ஒருவர் இருவரை அழைத்துப் போங்கள். அவர்கள் உங்கள் கட்சிக்காரர்களாக இருக்கக் கூடாது. அதற்கும் மசியாவிட்டால் சபைக்குச் சொல்லுங்கள். முதல் படியைத் தாண்டி நேரே வாட்ஸ்அப் குழுவில் போடுவதால்தான் பெரும்பாலும் கெடுகிறது. நான்கு பேர் பார்த்த பிறகு யாரும் இறங்கி வரமாட்டார்கள். சகோதரனை ஆதாயப்படுத்திக்கொள்வதுதான் இதன் நோக்கம், தோற்கடிப்பது அல்ல.

பிள்ளைகளிடம் தவறாக நடந்தது, சபைப் பணத்தைத் திருடியது போன்றவை இந்தக் கணக்கில் வராது. அவற்றுக்குக் காவல் நிலையம் உண்டு. அங்கே மத்தேயு 18ஐக் காட்டி வாயடைப்பவர் வேதத்தைத் தவறாகப் பயன்படுத்துகிறார்.