சப்மாடல் வசதி: வாங்கும் முன் எதைச் சோதிப்பது?

கேள்வி: தண்ணீர்த் தொட்டிகளின் வெப்பக் கட்டுப்பாட்டை வரைபட மென்பொருளில் மாடல் செய்கிறேன். 180 பிளாக்குகள் ஆகிவிட்டன. திரை முழுக்கக் கோடுகள் பின்னிக் கிடக்கின்றன. புது மென்பொருள் வாங்கலாம் என்று விசாரித்தால், சப்மாடல் வசதி (பல பிளாக்குகளை ஒரே பிளாக்குக்குள் அடக்கும் வசதி) உண்டு என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். எதை நம்புவது?

பதில்: எல்லாரும் சொல்வது உண்மைதான். ஆனால் ஒரே பொருளில் சொல்வதில்லை. சிலவற்றில் அது வெறும் மூடி. சிலவற்றில் கணக்கு ஓடும் விதமே மாறும்.

சிமுலிங்க் என்ற வரைபட மென்பொருளை எடுத்துக்கொள்வோம். பிளாக்குகளைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்-ஜி அழுத்தினால் சப்சிஸ்டம் (அதில் சப்மாடலுக்குப் பெயர்) தயார். உள்ளே போகும், வெளியே வரும் கோடுகளுக்கு அதுவே போர்ட் (இணைப்பு முனை) வைத்துவிடும். பெயர் மட்டும் 'இன்1', 'இன்2' என்று மொட்டையாக இருக்கும். அன்றே மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் எது வெப்பநிலை, எது நீர்மட்டம் என்று பிறகு உள்ளே இறங்கித் தேட வேண்டும். இந்தச் சாதாரண சப்சிஸ்டம் விடையைத் தொடாது. அதையே 'அட்டாமிக்' ஆக்கினால் உள்ளே உள்ளவை ஒரே அலகாக ஓடும். பின்னூட்டச் சுற்றில் பாதியை மட்டும் அப்படிக் கட்டினால், முன்பு இல்லாத அல்ஜீப்ராயிக் லூப் பிழை (ஒரு மதிப்பைக் கணக்கிட அதே மதிப்பு தேவைப்படும் சுழல்) முளைக்கலாம்.

ஆகவே டிரையல் பதிப்பில் அவர்கள் தரும் அழகான டெமோவைத் திறக்காதீர்கள். உங்கள் மாடலில் ஒரு பகுதியையாவது அதில் வரையுங்கள். ஹீட்டர் பகுதியைச் சப்மாடலாகக் கட்டுவதற்கு முன்னும் பின்னும் ஓட்டி, இரண்டு கிராஃபும் ஒன்றா என்று பாருங்கள். அப்புறம் பிரித்துப் பாருங்கள், கோடுகள் பழையபடி வருகின்றனவா என்று.

உங்களுக்கு முக்கியம் அடுத்த சோதனைதான். தொட்டிகள் பல அல்லவா? ஒரு தொட்டியை சப்மாடலாக்கி நான்கு இடத்தில் வைத்து, மூலத்தில் ஒரு மதிப்பை மாற்றுங்கள். நான்கும் மாறினால் அது லைப்ரரி இணைப்பு. மாறாவிட்டால் வெறும் நகல்; ஒவ்வொரு திருத்தத்தையும் நான்கு முறை செய்து மாள முடியாது.

பணம் கட்டும் முன் ஒன்று: சிமுலிங்க் தனியாக ஓடாது, அதற்கு அடிப்படையான மேட்லாப் மென்பொருளின் உரிமமும் வேண்டும். விலை கேட்கும்போது இரண்டையும் சேர்த்தே கேளுங்கள். சைலாப் என்ற இலவசக் கணக்கீட்டு மென்பொருளோடு வரும் எக்ஸ்காஸ் என்ற வரைபடக் கருவியிலும் இதே வசதி 'சூப்பர் பிளாக்' என்ற பெயரில் இருக்கிறது. 180 பிளாக்குக்கு நானாக இருந்தால் முதலில் அதில்தான் இந்தச் சோதனைகளைச் செய்து பார்ப்பேன்.