குறைமாதக் குழந்தைக்கு உடல் கொழுப்பு 15 சதவீதம் என்று வந்திருக்கிறது, பாலைக் குறைக்க வேண்டுமா?

வேண்டாம். சிகிச்சை பார்க்கும் மருத்துவர் நேரில் சொல்லாதவரை ஒரு மில்லி கூடக் குறைக்காதீர்கள்.

29 வாரத்தில் பிறந்த குழந்தை, இப்போது 40 வாரக் கணக்கு முடிந்து 2.6 கிலோ, 'பீ பாட்' (குழந்தையை மூடிய பெட்டிக்குள் வைத்து உடல் கொழுப்பைக் கணக்கிடும் கருவி) அளவில் கொழுப்பு 15 சதவீதம் என்று எழுதியிருக்கிறீர்கள். "நிறைமாதக் குழந்தைக்கே 12தானே இருக்கும்?" என்று யாரோ கேட்டுப் பயமுறுத்தியிருக்கிறார்கள். பம்ப் செய்து பால் சேர்த்துச் சேர்த்துக் கொடுத்த அம்மாவாகத்தான் இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு பேசுகிறேன். நான் மருத்துவர் இல்லை. பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியர். அந்தப் பெட்டிக்குள் குழந்தைகளை வைத்து எடுப்பது என் கைதான். "சிஸ்டருக்கு என்ன தெரியும்" என்று கமெண்டில் வருபவர்கள் கீழே உள்ள கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு வரட்டும்.

நிறைமாதக் குழந்தை 3.3 கிலோ, கொழுப்பு 12 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 396 கிராம். உங்கள் குழந்தை 2.6 கிலோ, 15 சதவீதம் என்றால் 390 கிராம். இரண்டு பேரிடமும் இருக்கும் கொழுப்பு ஒன்றுதான். மீதியைப் பாருங்கள்: அங்கே 2.9 கிலோ, இங்கே 2.2 கிலோ. தசை, எலும்பு, உள்ளுறுப்பு, நீர் எல்லாம் சேர்ந்த அந்தக் கொழுப்பில்லா எடையில்தான் 700 கிராம் துண்டு விழுகிறது. பாலைக் குறைத்தால் குறைவாக இருப்பது இன்னும் குறையும். குறைமாதக் குழந்தைகளைப் பிரசவத் தேதிக் கணக்கில் அளந்த ஆய்வுகளில் பெரும்பாலும் இதே படம்தான் வருகிறது. சதவீதத்தை மட்டும் பேப்பரில் அச்சடித்து வீட்டுக்கு அனுப்புவது எனக்குப் பிடிக்காத வேலை.

அந்தக் கருவி கொழுப்பை நேரடியாகப் பார்ப்பதும் இல்லை. எடை போடுகிறது, பிறகு மூடிய பெட்டிக்குள் காற்றழுத்த மாற்றத்தை வைத்துக் குழந்தையின் கனஅளவைக் கண்டுபிடிக்கிறது. இரண்டையும் வகுத்தால் அடர்த்தி. கொழுப்பின் அடர்த்தி மில்லிக்கு 0.9 கிராம், மற்றதெல்லாம் தோராயமாக 1.06 என்று வைத்துப் பங்கு பிரிக்கிறது. 10 மில்லி கனஅளவு பிசகினால் உங்கள் குழந்தைக்குக் கொழுப்பு 60 கிராம் வரை ஏறி இறங்கும். அதாவது 15 என்பது 13 ஆகவும் இருக்கலாம், 17 ஆகவும் இருக்கலாம். அதனால்தான் துணி, டயப்பர் எல்லாம் கழற்றி, தலைமுடியைத் தொப்பி போட்டோ எண்ணெய் தடவியோ படிய வைக்கிறோம். உடம்பில் நீர் கோத்திருந்தாலும் கணக்கு தப்பும்.

உள்ளே இருப்பது இரண்டு நிமிஷம்தான். கதகதப்பான பெட்டி, கண்ணாடி வழியாக முகம் தெரியும், அழுதாலும் அசைந்தாலும் பெரிய தப்பில்லை. குழந்தை படுத்திருக்கும் தட்டை உள்ளே தள்ளும்போது பெரும்பாலான குழந்தைகள் கையை இரண்டு பக்கமும் விரித்துத் திடுக்கிடும். ஒரு நொடி அந்த மார்பில் கையை வைத்திருந்தால் அடங்கிவிடும். ஆனால் ஆக்சிஜனிலோ சி-பாப்பிலோ (மூக்கு வழியாகக் காற்றை அழுத்தத்தோடு கொடுக்கும் சுவாச உதவி) இருக்கும் குழந்தையை வைக்க முடியாது. யாருடைய தசையைப் பற்றி அதிகம் கவலைப்படுகிறோமோ, அந்த வாரங்களில் அவர்களை இதில் அளக்கவே முடிவதில்லை. வேறு வழிகளிலும் சிக்கல்தான்: எக்ஸ்ரே மூலம் கொழுப்பு, எலும்பை அளக்கும் டெக்ஸா ஸ்கேனுக்குக் குழந்தை அசையாமல் தூங்க வேண்டும். தோல்மடிப்பை இடுக்கியில் பிடித்து அளப்பதை, ஒற்றைக் குழந்தை விஷயத்தில் நான் நம்ப மாட்டேன்.

சரி, தசை ஏன் பின்தங்குகிறது? கருவில் கடைசி மூன்று மாதம் நஞ்சுக்கொடி வழியாகப் புரதத்துக்கான அமினோ அமிலம் ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். வெளியே வந்ததும் அது நின்றுவிடுகிறது. நோய்த்தொற்று, ஸ்டீராய்டு என்று வேறு அடிகளும் உண்டு. மிகக் குறைந்த எடையில் பிறந்த குழந்தைக்கு ஒரு நாளைக்கு ஒரு கிலோ எடைக்கு 3.5 முதல் 4 கிராம் புரதம் வேண்டும். பிரசவமாகிச் சில வாரங்கள் ஆன பிறகு சுரக்கும் தாய்ப்பாலில் 100 மில்லிக்கு ஒரு கிராமை ஒட்டித்தான் இருக்கும். கிலோவுக்கு 160 மில்லி கொடுத்தாலும் பாதிகூட எட்டாது. அதற்குத்தான் பாலில் ஃபார்ட்டிஃபையர் (புரதமும் தாதுச் சத்தும் கூட்டும் சேர்க்கை) கலக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு "தாய்ப்பாலைக் குறை சொல்கிறாள்" என்று கிளம்பாதீர்கள். குறைமாதக் குழந்தைக்கு அதைவிட நல்லது வேறில்லை, குடலைக் காப்பதே அதுதான். புரதத்தைக் கூட்ட வேண்டும் என்கிறேன், பாலை மாற்றச் சொல்லவில்லை.

இன்னொன்று கேளுங்கள்: குழந்தையின் நீளம் என்ன, யார் அளந்தார்கள்? எடை ஏறுவது கொழுப்பாலா தசையாலா என்பதற்கு, எந்தக் கருவியும் இல்லாத இடத்தில் நீளம்தான் ஓரளவு துப்புத் தரும். அதைப் பலகையில் இரண்டு பேர் சேர்ந்து அளக்க வேண்டும். ஒருவர் தலையைப் பலகையில் ஒட்டிப் பிடிக்க, மற்றவர் முழங்காலை நீட்டிப் பாதத்தட்டை நகர்த்த வேண்டும். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் இந்தக் கருவியை வாங்கி நாடா வெட்டிப் போட்டோ எடுத்தார்கள். இரவு ஷிப்டில் பலகை பிடிக்க இன்னொரு ஆள் கேட்டால் மட்டும் "பட்ஜெட் இல்லை". டேப்பைப் பக்கத்தில் நீட்டி ஒருத்தியாக அளந்த நீளங்கள்தான் சார்ட்டில் ஏறின.

அப்புறம், கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கருவியில் எடுத்த அளவுகளை வைத்து ஆய்வுக் கட்டுரை வந்தது. பெட்டிக்கு வெளியே நின்று குழந்தைகளை அடக்கி, முடியைப் படிய வைத்து, கனஅளவு தெரிந்த உருளையை உள்ளே வைத்து தினமும் கருவியைச் சரிபார்த்தவர்கள் நன்றியுரையில் "வார்டு ஊழியர்கள்". தரவைப் பார்த்தே இராத பெரியவர் பெயர் முதல் வரிசையில். சம்பளத்தைவிட இது உறுத்துகிறது, என்ன செய்வது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ரிப்போர்ட்டில் கொழுப்பில்லா எடை கிராமில் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். அடுத்த முறையும் அதே கருவியில் எடுத்து, அந்தக் கிராம் ஏறுகிறதா என்று பாருங்கள். புரதம் போதுமா, ஃபார்ட்டிஃபையரை எப்போது நிறுத்தலாம் என்பதை மருத்துவரிடமே கேளுங்கள். 12 சதவீதம் என்று சொன்னவரிடம் கேட்க வேண்டாம்.